மதுரைக் கடைவீதியும் மறந்துபோன பெயர்களும்

மதுரைக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் சாதாரணமாய் மூன்று காரியங்களை உத்தேசித்துச் செல்வதுண்டு. ஒன்று, மீனாட்சியம்மையின் தரிசனம். இரண்டு, கோர்ட்டு வியாஜ்யம். மூன்று, கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பது. இந்த மூன்றில் எதுவும் இல்லாமல் நாம் சென்ற ஆவணி மாதத்தில் அந்நகருக்குப் போய் இரண்டு நாள் தங்கியிருந்தோம். நாம் போனது சொல் பொறுக்குவதற்காக!

"சொல் வேண்டுமானால் அகராதியைப் புரட்டலாமே, அதற்காக மதுரை வரை போவானேன்?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். அகராதியில் சொல் இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு உரிய மனிதர் அங்கே இருக்கமாட்டார். பொருள் விற்போரைக் குறிக்கத் தமிழில் எத்தனை பெயர்கள் உண்டு என்று நம்முடைய வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் கேட்டோம். 'வியாபாரி', 'கடைக்காரர்' என்று இரண்டு சொன்னார்கள். மூன்றாவதாக 'சேல்ஸ்மேன்' வந்தது. அதற்குமேல் வகுப்பறையில் நிசப்தம். ஆகவே பன்னிரண்டு மாணவ மாணவிகளை அழைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்து, புறப்பட்டுவிட்டோம். எந்த ஊருக்குப் போவது என்பதில் நமக்கு யோசனையே இருக்கவில்லை. இரண்டாயிரம் வருஷங்களாகக் கடையைக் கட்டாமல் வைத்திருக்கும் நகரம் தமிழ் நாட்டில் மதுரையைத் தவிர வேறு எது?

பாறையில் ஓர் உப்பு வாணிகன்

முதல் நாள் காலையில் நாம் மதுரை வீதிகளில் கால் வைக்கவில்லை. ஊருக்கு வெளியே அழகர்மலைக்குப் போனோம். அழகர்கோயிலிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் கிடாரிப்பட்டி என்றொரு கிராமம் இருக்கிறது. அதையடுத்த மலைச்சரிவில் ஏறிச் சென்றால் ஒரு பெரிய குகை தென்படும். உள்ளே பாறையைச் செதுக்கி வழவழவென்று படுக்கைகள் அமைத்திருக்கிறார்கள். 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்று ஊரார் சொல்லுகிறார்கள். பாண்டவர்கள் இங்கே வந்து படுத்ததாகத் தெரியவில்லை. சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்வதற்காக அமைந்த இடம் அது.

குகையின் நெற்றியிலே பழைய தமிழ் எழுத்துக்கள் பொறித்திருக்கின்றன. தமிழி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் சொல்லப்படும் எழுத்து. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள். முனிவர்களுக்கு உதவி செய்தவர்கள் தங்கள் பெயர்களை அங்கே வெட்டிவைத்திருக்கிறார்கள். மன்னர் பெயரையும் மந்திரி பெயரையும் எதிர்பார்த்துக் கழுத்தை நிமிர்த்திய நம் பிள்ளைகளுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன் ஆதன். உப்பு வாணிகன் வியக்கன். பாணித வாணிகன் நெடுமலன். கொழு வாணிகன் இளஞ்சந்தன். இன்னும் அறுவை வாணிகன் ஒருவன். பாணிதம் என்பது கருப்பஞ்சாற்றுப் பாகு. கொழு என்பது ஏர் முனையில் மாட்டும் இரும்பு. அறுவை என்றால் துணி. நெய்த பாவிலிருந்து அறுத்து எடுப்பதனால் அந்தப் பெயர்.

"உப்பு விக்கிறவரு தன் பேரோட உப்பையும் எதுக்கு ஸார் எழுதி வச்சாரு?" என்று ஒரு பையன் கேட்டான்.

நல்ல கேள்விதான். நாம் யோசித்துத்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. தொழிலை மறைக்கவேண்டும் என்ற எண்ணம் வியக்கனுக்கு இருக்கவில்லை. அதுவே நாம் கண்ட பதில். தங்கம் தட்டுகிறவனுடைய பெயர் இருக்கும் பாறையிலேயே உப்பு விற்கிறவனுடைய பெயரும் இருக்கிறது. ஒருவன் எழுத்தை விட மற்றவன் எழுத்து சிறியதாக இருக்கவேண்டும் என்று கல்தச்சன் நினைக்கவில்லை.

சங்கப் புலவர்களிடமும் இதே வழக்கத்தைக் காண்கிறோம். மணிமேகலையை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். அதாவது தானிய வியாபாரி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பவர் ஜவுளி வியாபாரி. காவியம் பாடிய பிற்பாடும் நெல்லையும் துணியையும் பெயரிலிருந்து நீக்கிவிடவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இக்காலத்தில் ஒரு கவிஞர் தமக்குப் 'பருப்புக்கடை' என்று பட்டம் வைத்துக்கொள்வாரா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

பகர்நர் என்றொரு பெயர்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் இரண்டு கடைவீதிகள் வருகின்றன. பகலில் கூடுவது நாளங்காடி. மாலைக்குப் பின் கூடுவது அல்லங்காடி. அல் என்றால் இரவு. மதுரையை இன்று 'தூங்கா நகரம்' என்று பெருமையாய்ச் சொல்லுகிறோமே, அந்தப் பட்டத்துக்கு மூல தஸ்தாவேஜு அங்கே இருக்கிறது. சங்கு அறுத்து வளையல் கடைகிறவர்கள், மணிகளில் துளையிடுகிறவர்கள், புடவை விற்கிறவர்கள், செம்பை நிறுத்து வாங்குகிறவர்கள் என்று புலவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து நம் முன் நிறுத்துகிறார். பூவை ஏந்திக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் முதிய பெண்களையும் அவர் விட்டுவிடவில்லை.

சிலப்பதிகாரத்தில் வரும் புகார் நகரத்து வீதிகளையும் சேர்த்துப் பார்த்தால் பட்டியல் இன்னும் நீளும். காழியர் பிட்டு விற்போர். கூவியர் அப்பம் விற்போர். ஓசுநர் எண்ணெய் விற்போர். வாசவர் வாசனைப் பண்டம் விற்போர். வண்டி கட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்புக் கொண்டுசெல்வோருக்கு உமணர் என்று பெயர். கூட்டமாய்ச் சேர்ந்து செல்லும் வணிகருக்குச் சாத்து என்று பெயர். கோவலனுடைய தந்தை மாசாத்துவான் என்னும் பெயரில் அந்தச் சாத்து இருக்கிறது.

இவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது 'பகர்நர்' என்ற சொல். பகர்தல் என்றால் சொல்லுதல். பகர்தல் என்றால் விற்றல். இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்கு உண்டு. வாயைத் திறந்து சொன்னால்தானே சரக்கு விலையாகும்? வைகறையில் "கீரே...ய்" என்று தெருக்கோடியில் எழும் குரலையும், "உப்போ...ஓ...உப்பு" என்று நண்பகலில் அசைந்து வரும் வண்டியின் குரலையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் நியாயம் தெரியும். பழைய இரும்பையும் ஈயம் பித்தளையையும் வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுத்தவரின் குரலை நம் தலைமுறையில் யார் மறப்பார்கள்? இப்போது அந்தக் குரலை ஒருமுறை பதிவு செய்து ஒலிபெருக்கியில் வைத்துவிடுகிறார்கள். வண்டிக்காரர் வாயை மூடிக்கொண்டு வருகிறார். குரல் மட்டும் தெருவெல்லாம் பகர்ந்துகொண்டு போகிறது.

தெருப் பலகைகளைப் படித்தால்

அன்று பிற்பகல் நகரத்துக்குள் வந்தோம். மதுரையின் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாய் விரிந்திருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். அவற்றுக்குத் திருவிழா மாதங்களின் பெயர்கள்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. பெரிய வீதிகள் இப்படி ஸ்வாமிக்கு உரியவையாக இருக்க, இடையிலுள்ள தெருக்களும் பேட்டைகளும் வியாபாரிகளுக்கு உரியவை. நெல்பேட்டை, வெற்றிலைப் பேட்டை, வெண்கலக் கடைத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு என்று பலகைகளைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுத்தாணிக்காரத் தெருவில் இப்போது எழுத்தாணி கிடைக்காது. சரக்குப் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஊருக்கு வடகிழக்கே பஸ் நிலையம் இருக்கும் மாட்டுத்தாவணியை வெளியூர்ப் பெண்கள் பார்த்துச் சிரிப்பதுண்டு. மாட்டுக்குத் தாவணி எதற்கு என்று! வரிசையாய் மாடுகளைக் கட்டி விற்கும் இடத்துக்குத் தாவணி என்று பெயர். மாட்டுச் சந்தைகளிலே தரகர் என்றொருவர் இருப்பார். விற்கிறவருடைய கையையும் வாங்குகிறவருடைய கையையும் மாறி மாறித் துண்டுக்குள் பிடித்து, விரலைத் தொட்டு விலை பேசுவார். சுற்றி நிற்பவர் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பகர்நர் வாயால் விற்றார். தரகர் வாயை மூடிக்கொண்டு விற்றார்! தமிழில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

கீழமாசி வீதிக்குப் போனால் வேறொரு பாஷை. அங்கே மண்டிகள். மண்டிக்காரர் பெரும்பாலும் தம் சரக்கை விற்பதில்லை. வெளியூரிலிருந்து வரும் சரக்கை விற்றுக்கொடுத்து அதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். அவரிடம் மூட்டைக் கணக்கில் எடுப்பவர் மொத்த வியாபாரி. மொத்த வியாபாரியிடம் எடுத்துப் படிக்கணக்கிலும் கிலோக் கணக்கிலும் கொடுப்பவர் சில்லறை வியாபாரி. சில்லறை வியாபாரியின் கடைக்கு மதுரையில் பலசரக்குக் கடை என்று பெயர். சென்னைக்குப் போனால் அதுவே மளிகைக் கடை. சென்னை மளிகைக் கடையில் இருக்கும் தென்பாண்டிக்காரருக்கு 'அண்ணாச்சி' என்று பெயர். தமையனை அழைக்கும் முறைப்பெயர் ஒரு தொழிலின் பெயராகவே ஆகிவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. பிள்ளைகள் அதிகமாய் எழுதிக்கொண்டது இந்தப் படியில்தான். தலைச்சுமை வியாபாரி, கூடைக்காரர், தள்ளுவண்டிக்காரர், நடைபாதைக் கடைக்காரர், பெட்டிக்கடைக்காரர், தராசு இல்லாமல் கூறு கட்டி விற்பவர், முழம் போட்டுப் பூ விற்பவர், மாலையானால் பருத்திப்பால் வண்டி, இரவானால் சைக்கிளில் சுக்குக் காப்பி. பண்டமே விற்காமல் கைவேலையைத் தெருவில் விற்கிறவர்களும் உண்டு: அம்மி கொத்துகிறவர், சாணை பிடிக்கிறவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். மிக்ஸி வந்த பின் அம்மி கொத்துகிறவரையும், எவர்சில்வர் வந்த பின் ஈயம் பூசுகிறவரையும் காண்பதே அரிதாகிவிட்டது. சாணைச் சக்கரம் மட்டும் இன்னும் சுற்றுகிறது.

மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் முன் சற்று நின்றோம். 1921 செப்டம்பர் 22-ந் தேதி காந்தி மகான் சட்டையையும் குல்லாயையும் துறந்து அரையாடை உடுத்தது அந்த வீட்டில்தான். அங்கே இப்போது கதர் விற்பனையாகிறது. அந்த நாட்களில் கதர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீதி வீதியாய்க் கூவி விற்றவர்களில் பெரிய படிப்புப் படித்தவர்களும் இருந்தார்கள். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, காய்ச்சிய உப்பைப் பொட்டலம் கட்டித் தெருவில் விற்றதற்காகவே நம்மவர் சிறை சென்றார்கள். அழகர்மலை வியக்கன் செய்த அதே தொழில்! அக்காலத்தில் மூட்டை சுமப்பது தேச சேவை என்று நாடு மதித்தது. மூட்டையை இறக்கிவைத்தபோது அந்த மதிப்பையும் சேர்த்து இறக்கிவைத்துவிட்டோம் போலிருக்கிறது.

'கடை எங்கே?'

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்முடைய பள்ளிக்கூடத்தில் வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் ஒரு விவரப் படிவம் பூர்த்தி செய்வது வழக்கம். 'பெற்றோர் தொழில்' என்று அதில் ஒரு கட்டம். தந்தையில்லாத ஒரு பையன் அந்தக் கட்டத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தான். அவன் தாயாரை நாம் அறிவோம். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வெங்காயமும் தக்காளியும் எடுத்துவந்து, பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளிச் சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்கிறவர்.

"உங்க அம்மா யார்கிட்டயும் கூலிக்குப் போகலையேப்பா; வியாபாரம்னு எழுதக்கூடாதா?" என்று கேட்டோம்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "வியாபாரம்னு எழுதினா, கடை எங்கேன்னு கேப்பாங்க ஸார்" என்றான்.

நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சொந்தப் பணத்தில் சரக்கு எடுத்து, லாப நஷ்டத்தைத் தாமே சுமந்து, அழுகியதைக் கழித்துக் கணக்குப் பார்க்கிறவர் வியாபாரியல்லாமல் வேறு யார்? முதல் போதாதபோது காலையில் தொண்ணூறு ரூபாய் கடன் வாங்கி மாலையில் நூறாகத் திருப்பிக் கொடுக்கும் கஷ்டமும் இவர்களுக்கு உண்டு. இத்தகைய கொடு வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ் நாட்டில் சட்டம் வந்தது. 2020-ல் தெரு வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் முதல் கடனாகப் பத்தாயிரம் ரூபாய் வரை பாங்குகள் மூலம் கிடைக்க மத்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. பாங்குக்குப் போய்க் கடன் கேட்கவும் முதலில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. 'கூலி' என்று எழுதிக் கொடுத்தால் வியாபாரக் கடன் யார் கொடுப்பார்கள்?

அந்தப் பையன் நம்முடன் மதுரைக்கு வந்திருந்தான். அழகர்மலையில் உப்பைப் பற்றிக் கேள்வி கேட்டவன் அவன்தான்.

பிட்டுக்கு மண் சுமந்த நகரம்

இரண்டாம் நாள் ஆவணி மூலத் திருவிழாவின் கூட்டத்தோடு கூட்டமாய்ப் புட்டுத் தோப்புப் பக்கம் போனோம். இவ்விழாவின் கதையை நேயர்களின் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். ஆயினும் வியாபாரிகளின் பக்கம் நின்று அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் சோமசுந்தரக் கடவுள் அறுபத்து நான்கு திருவிளையாடல்கள் செய்கிறார். அவற்றுள் எத்தனை வேஷம் வியாபாரி வேஷம் என்று எண்ணிப் பாருங்கள்! இளவரசனுக்கு முடி செய்ய மணியில்லாதபோது மாணிக்கம் விற்கும் வணிகராய் வருகிறார். மாணிக்கவாசகருக்காகக் குதிரை கொண்டுவரும் வணிகர் தலைவராகிறார். வணிகர் தெருவிலே வளையல் செட்டியாய் வந்து பெண்களின் கைபிடித்து வளையல் அடுக்குகிறார். பாணபத்திரருக்காக விறகுக் கட்டைச் சுமந்து வீதியில் விலை கூறிவிட்டு, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் சாய்ந்து பாட்டுப் பாடுகிறார். மாணிக்கம் விற்றதற்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை விறகு விற்றதற்கும் உண்டு. இரண்டுக்கும் ஒவ்வொரு படலம்.

பிட்டுத் திருவிளையாடலில் வியாபாரி வேறொருவர். வந்தி என்னும் கிழவி, பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிறவள், துணைக்கு ஆளில்லாதவள். வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது பாண்டியன் குடிக்கு ஒரு பங்காகக் கரையை அளந்துவிட்டான். வந்திக்கும் ஒரு பங்கு விழுந்தது. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு இறைவன் அவளுக்காக மண் சுமந்ததும், பிரம்படி பட்டதும், அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்ததும் பிரஸித்தமான கதை.

கதையைக் கேட்கும்போது நாம் கண்ணீர் விடுவது பிரம்படியைக் கேட்டு. ஆனால் அன்று கூட்டத்தில் நின்றபோது நம் மனத்தில் தைத்தது வேறு. வேலையைப் பங்கிட்டபோது அந்த நகரம் வந்தியைக் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை; அவளையும் ஒரு குடியாக எண்ணித்தான் கரையை அளந்துவிட்டது. கரை கட்டுவதற்கு ஒரு பங்கு உண்டென்றால், கட்டிய நகரத்தின் வீதியில் உட்கார்ந்து விற்பதற்கும் அவளுக்கு ஒரு பங்கு இருக்கவேண்டாமா?

சட்டம் சேர்த்துக்கொண்ட பெயர்கள்

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் பதில் வர வெகு நாள் ஆயிற்று. தெருவில் விற்பவரைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற ஒரே கணக்கில் முனிசிபாலிடிகளும் போலீசாரும் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு, தக்க கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு வீதியில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் அளிக்கும் தொழில் உரிமையைச் சேர்ந்ததே என்று தீர்ப்புச் சொல்லியது. அதன் பிறகு கால் நூற்றாண்டு சென்று, 2014-ல் பார்லிமெண்ட் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது.

அச்சட்டத்தில் சில ஏற்பாடுகளை ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்துவைத்துக்கொள்வது நலம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து அவர்களுக்குச் சான்றிதழ் வழங்கவேண்டும். அவ்விதம் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடியும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக்கூடாது. ஊரின் ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டரைப் பேர் வரை வீதியில் விற்க இடமளிக்கவேண்டும். ஒவ்வொரு நகரத்திலும் அமையும் விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்கவேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள்.

சொல் பொறுக்க வந்த நமக்கோ, அச்சட்டம் 'தெரு வியாபாரி' என்பதற்குச் சொல்லும் இலக்கணமே பெரிய புதையல். கூவி விற்பவர், சுமந்து விற்பவர், உட்கார்ந்து விற்பவர் என்று சில பெயர்களைச் சொல்லிவிட்டு, அந்தந்த வட்டாரத்தில் இவர்களுக்கு வழங்கும் மற்றப் பெயர்கள் யாவும் இதில் அடங்கும் என்று முடித்திருக்கிறார்கள். ஆகவே கூடைக்காரரும், தலைச்சுமைக்காரரும், கூறு கட்டி விற்பவரும், பருத்திப்பால் வண்டிக்காரரும் அவ்வளவு பேரும் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்த சொற்களுக்கெல்லாம் இப்படியொரு உபயோகம் இருக்கும் என்று நாமும் புறப்படும்போது நினைக்கவில்லை. வட்டாரப் பெயர் மறைந்துபோனால், கணக்கெடுப்பவர் வந்து கேட்கும்போது அந்த மனிதரையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் போய்விடும்.

மதுரையிலேயே இடம் பெயர்ந்த வியாபாரங்கள் பல. கோயிலுக்கு அருகே இருந்த காய்கறி மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. 2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் வெளியேறின. புதுமண்டபத்தில் தையல் யந்திரமும் வளையலும் பாத்திரமுமாய்த் தலைமுறை தலைமுறையாய் இருந்தவர்கள் குன்னத்தூர்ச் சத்திரக் கட்டடத்துக்கு மாறினார்கள். திருமலை நாயக்கர் எடுப்பித்த சிற்பங்களை இனி நன்றாய்க் காண முடியும். சிற்பத்துக்கு அது அவசியந்தான். கடைக்கு மாற்று இடம் கிடைத்ததும் நியாயமே. ஆனால் மண்டபத்தில் கடை எண் உடையவருக்குத்தான் மாற்றுக் கடை எண் கிடைக்கும். எண்ணே இல்லாமல் கூடையோடு வந்து உட்கார்ந்தவருக்கு மாற்று இடம் எது? அதற்காகத்தான் கணக்கெடுப்பும் சான்றிதழும்.

வாசலுக்கு வருகிறவர்

சட்டம் செய்யவேண்டியதைச் சட்டம் செய்யட்டும். நம் வீட்டு வாசலில் நாம் செய்யவேண்டியதும் சிறிது உண்டு.

பெரிய கடைக்குள் நுழைந்தால் ஒட்டியிருக்கும் சீட்டின்படி வாயைத் திறவாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஐந்து மைல் நடந்து வந்த கீரைக் கட்டுக்கு மாத்திரம் நம்முடைய பொருளாதார ஞானம் முழுவதும் வெளிவருகிறது! பேரம் பேசுவதை நாம் குற்றம் சொல்லவில்லை. பேரம் என்பது பேச்சு. பேச்சு இல்லாத சந்தையில் என்ன சுகம்? ஆனால் பேசும் முறை ஒன்று இருக்கிறது. "ஏ, கீரை!" "இந்தா, வண்டி!" என்று பண்டத்தின் பெயரைச் சொல்லி மனிதரை அழைப்பது எந்த முறையில் சேர்ந்தது? கார், காரி என்ற விகுதிகளில் தவறில்லை; எழுத்தாணிக்காரருக்குத் தெருவே இருக்கிறதல்லவா? கடையில் இருப்பவருக்கு 'ர்' விகுதியைக் கொடுத்து, கூடையோடு வருபவளுக்கு அதைக் கொடாமல் 'பூக்காரி', 'மோர்க்காரி' என்று நிறுத்திவிடுகிறோமே, குற்றம் அங்கேதான் இருக்கிறது. மதுரையில் நாம் பார்த்த வரையில், பூ வாங்கும் பெண்கள் பூ விற்பவரை 'அக்கா' என்கிறார்கள். அவர் வாங்குபவரை 'ஆத்தா' என்கிறார். முழம் சிறிது கூடத்தான் விழுகிறது.

ஆவணி மூல வீதியில் அன்று மாலை ஒரு காட்சி. தெற்கு ஆவணி மூல வீதி இப்போது நகைக் கடைகளின் வீதி. கண்ணைப் பறிக்கும் தங்கக் கடை ஒன்றின் எதிரே ஒரு மூதாட்டி மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடையின் மேல் சதுரம் சதுரமாய்க் கட்டம் போட்ட அட்டை ஒன்று. வாங்குகிறவர்கள் கைத் தொலைபேசியை அதன்மேல் காட்டிவிட்டுப் போகிறார்கள். உடனே பக்கத்திலுள்ள சிறு பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று நல்ல தமிழில் உரக்கச் சொல்லுகிறது. பகர்தல் இப்போது யந்திரத்துக்கும் வந்துவிட்டது!

நம் மாணவி ஒருத்தி மூதாட்டியின் அருகில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, "பாட்டி, உங்க தொழிலுக்கு என்ன பேர் எழுதட்டும்?" என்று கேட்டாள்.

"பூ வியாபாரம்னு எழுதிக்க தாயி. நாப்பது வருஷமா இதே எடந்தான்" என்றார் அவர், சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

தயக்கமில்லாமல் வந்த அந்தப் பதிலை வெங்காயக்காரர் மகனும் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். மொத்தம் பன்னிரண்டு நோட்டுக்களிலும் சேர்ந்த பெயர்கள், பழைய நூல்களிலும் பாறையிலும் கண்டவை நீங்கலாக, எழுபத்து மூன்று. அவற்றை அகர வரிசைப்படி ஒழுங்கு செய்து பள்ளிக்கூடத்து வாசிப்பு அறையில் தொங்கவிடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நேயர்கள் வீட்டுக் குழந்தைகளும் இந்தக் காரியத்தைச் செய்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, பொழுது விடிந்தது முதல் அடையும்வரை தெருவில் எத்தனை குரல்கள் போகின்றன என்று எழுதிவைத்தால் போதும். குரலுக்கு நேரே பண்டத்தின் பெயரையும், தொழிலின் பெயரையும், கேட்டறிந்து அந்த மனிதரின் சொந்தப் பெயரையும் எழுதவேண்டும். மூன்றாவது பெயரை அறிந்துகொண்ட பிறகு "ஏ, கீரை!" என்று கூப்பிட யாருக்கும் நாக்கு எழாது என்பது நம் நம்பிக்கை.